அண்ணனுடைய பித்தளை டப்பா

அண்ணனுடைய பித்தளை டப்பாவைச் சவப்பெட்டிக்குள் வைத்தது நான்தான். மார்பின் மேல் கோத்து வைத்திருந்த அவருடைய கைகளுக்கு அடியில், வெள்ளைத் துணியைச் சற்றே விலக்கி, இதோ இந்த இரண்டு கைகளாலும் வைத்தேன். பெட்டியை மூடி ஆணி அடித்ததையும், கயிற்றில் இறக்கியதையும், ஆளுக்கொரு பிடி மண் போட்டதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது நடந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த டப்பா இப்போது என் மேசை மேல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், மரை போட்ட மூடி, மூடியின் ஓரத்தில் அண்ணன் ஒருமுறை நங்கூரத்தில் இடித்துக்கொண்டதால் விழுந்த சொட்டை. வேறு டப்பாவாக இருக்குமோ என்று அந்தச் சொட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். அதேதான். எழுபது வயது தாண்டிய கிழவன் பட்டப்பகலில் ஒரு டப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த டப்பாவைப் பற்றித்தான் நான் ஒரு காலத்தில் கோர்ட்டில் சத்தியம் செய்து சாட்சி சொன்னேன்.

அண்ணன் தோணியில் தண்டலாக இருந்தார். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழம் போதாமல் வெகு தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை அங்கிருந்து கரைக்கும், கரையிலிருந்து அங்கும் சுமந்தவை தோணிகள்தான். தோணியை நடத்துகிறவர் தண்டல். சங்கு குளிக்கப் போன எங்கள் அப்பா திரும்பி வராத நாளிலிருந்து எனக்கு அப்பாவும் அவர்தான். புகையிலை, தீப்பெட்டி, கடுதாசி, எது நனையக் கூடாதோ அது இந்த டப்பாவுக்குள் போகும். டப்பா இடுப்பு வாருக்குள் போகும். நல்ல மனிதர். ஒரே ஒரு கெட்ட பழக்கம், ரயிலில் போனால் டிக்கெட் எடுக்க மனசு வராது. கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, அதில் அவருக்கு ஒரு குஷி. டிக்கெட் பரிசோதகர்களில் பாதிப் பேர் அவர் கொடுத்த மீனைத் தின்றவர்கள். "கப்பலடி வரைக்கும் கடல்ல போயிட்டு வாரோம், எவம்ல டிக்கெட் கேக்கான்?" என்று சிரிப்பார். சில தடவை ஒழுங்காக எடுத்துவிடுவார். எப்போது எடுப்பார், எப்போது எடுக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அண்ணன் மனைவியை நான் மயினி என்று கூப்பிடுவேன். இந்தக் குறிப்பு உண்மையில் அவளைப் பற்றியது. மயினிக்குத் தொப்பி போட்டவர் யாரைக் கண்டாலும் பயம். தபால்காரரைக் கண்டால்கூட நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள். என்றைக்காவது ஒருநாள் அண்ணனை ரயிலிலிருந்து இறக்கி, சட்டையைப் பிடித்துப் பிளாட்பாரத்தில் நிறுத்தி வைப்பார்கள், தெரு முழுக்கச் சிரிக்கும் என்று அவளுக்குத் தீராத கவலை.

யுத்தம் முடிந்த மறுவருஷத்து மழைக்காலம். அண்ணன் தோணியில் வேலை செய்த ஒருவன் கால் முறிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவதாக அண்ணன் கிளம்பினார். நான் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போவதாக ஏற்பாடு. வாசலில் மயினி வழி மறித்தாள். தன்னுடைய பழைய பச்சைச் சேலையிலிருந்து கிழித்த துண்டில் சில்லறையை வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, அண்ணன் கையில் வைத்தாள். "போறதுக்குத் தம்பி எடுத்துத் தருவாரு. வாரதுக்கு இது. இதுல கைய வச்சுப் பொகையில வாங்கினீரோ, வீட்டுக்கே வராதேயும்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனாலும் வாயில் சிரிப்பு இருந்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே அந்த முடிச்சை டப்பாவுக்குள் போட்டு மூடியைத் திருகினார். ஸ்டேஷனில் போவதற்கான டிக்கெட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தபோது டப்பா இருந்த இடுப்பைத் தட்டிக்காட்டி, "ஒன் மயினி என்னக் கள்ளனாக்கிட்டாளே ஏலே" என்று கத்தினார். அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அன்று சாயங்காலம் அந்த ரயில் வழியில் ஓர் ஓடைப் பாலத்தில் தடம் புரண்டது. மழைத் தண்ணீர் பாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது என்றார்கள். இரண்டு பெட்டிகள் ஓடைக்குள் சரிந்துவிட்டன. மறுநாள் காலையில் உப்பு லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் பாயை விரித்து வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லவேளை, அண்ணன் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது முகத்துக்கும் அப்படியே. யாரோ பெற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. அண்ணன் ஐந்தாவதாகக் கிடந்தார். தண்ணீரோடு வெகு தூரம் போய் ஒரு கருவேல மரத்தடியில் ஒதுங்கியிருந்தாராம். தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலில் நோட்டை வைத்து, ஒவ்வொருவர் உடம்பிலும் இருந்த சாமான்களை எழுதிக்கொண்டிருந்தார். அண்ணனின் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு திருகு திருகிப் பார்த்தார். மரைக்குள் மணல் ஏறியிருந்தது, திறக்கவில்லை. பின்னால் ஏழெட்டுக் குடும்பங்கள் அழுதுகொண்டு காத்திருந்தன. "பித்தளை டப்பா ஒண்ணு. தொறக்க வரல. கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன்.

இங்கேதான் எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலில் செத்தவன் உடம்பு கரைக்கு வந்தால், அவன் மடியில் இருந்த எதையும் யாரும் திறந்து பார்க்கக் கூடாது, வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோகக் கூடாது. அப்படியே அவனோடு கல்லறைக்குள் வைத்துவிட வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போன காரியம் ஏதாவது அந்த மடியில் இருக்கும், அதைப் பிரித்துவிட்டால் அதை முடிக்க அவன் திரும்பி வருவான், வரும்போது வீட்டில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவான் என்பது நம்பிக்கை. ரயிலில் செத்தவருக்கு இது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. உடம்பு நனைந்து வந்தது, அவ்வளவுதான். தெருப் பெரியவர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணியில போன ஆளுல்லா" என்றார். அதோடு முடிந்தது. வாசல் பந்தலிலேயே பெட்டியை வைத்தோம். டப்பாவை நான் உள்ளே வைத்தேன். மூடப் போகும்போது மயினி பெட்டியின் மேல் விழுந்து அண்ணனை அப்படியே கட்டிக்கொண்டாள். மூன்று பெண்கள் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. நாலாவதாக ஒருத்தி வந்துதான் பிரிக்க முடிந்தது. முந்தானையைச் சுருட்டி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தானாகவே எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்கச் சக்தி இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்துத்தான் நாங்கள் செய்த காரியம் என்ன என்று தெரிந்தது. அண்ணனுக்கு ஒரு பெண், இரண்டு பையன்கள், மூத்தவளுக்குப் பத்து வயது. தோணிக் கூலியைத் தவிர அந்த வீட்டில் வேறு வரும்படி இல்லை. நான் அப்போது தோணியில் சாதாரண ஆள்தான், என் கூலியில் ஐந்து வயிறு நிறையாது. நஷ்ட ஈடு கேட்டு ஊரில் ஒரு வக்கீல் ஐயாவைப் பார்த்தோம். தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுவார். "முன்னெல்லாம் ரயில்வே மேல தப்புன்னு நாமதான் நிரூபிக்கணும். பாலம் பழுது, டிரைவர் கவனிக்கலன்னு சாட்சி கொண்டாரணும். நம்மளால ஆகுமா? இப்ப யுத்தத்துக்கு நடுவுல ஒரு சட்டம் வந்திருக்கு. வண்டி தடம் புரண்டு பிரயாணி செத்தா, யார் தப்புன்னு கேக்கவே வேண்டாம், ரயில்வே குடுத்தாகணும். செத்த ஆளு பிரயாணியா இல்லியா, அது ஒண்ணுதான் கேள்வி" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அப்புறம் ரயில்வேயிலிருந்து வந்த கடுதாசியை எடுத்துப் படித்தார். சாமான் பட்டியலில் டிக்கெட் இல்லை. உடம்பு கிடைத்த இடம் பாலத்திலிருந்து வெகு தூரம். ஆகவே அவர் ரயிலில் வந்தவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை, கரையில் நடந்து போனவராகவும் இருக்கலாம், வந்திருந்தாலும் டிக்கெட் இல்லாதவரைப் பிரயாணி என்று ஏற்க முடியாது என்று எழுதியிருந்தது. "டிக்கெட் எங்கடே?" என்றார் வக்கீல். நான் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். வழக்கத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கோர்ட்டுல வைக்க வேண்டியத கல்லறையில வச்சிட்டு வந்திருக்கியே" என்றார்.

பிறகு அவரே வழியும் சொன்னார். மனுப் போட்டால் கல்லறையைத் திறக்க உத்தரவு வாங்கலாம், கோயில் பங்குச் சாமியாரும் தடை சொல்ல மாட்டார். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது மயினியின் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை அப்படியே விட்டுவிட்டாள், அரிசி தரையெல்லாம் சிதறியது. "கல்லறையில கை வச்சீங்கன்னா நானும் பிள்ளையளும் துறைமுகப் பாலத்துல இருந்து கடல்ல சாடிருவோம். வேண்டாம் தம்பி. துட்டு வேண்டாம். அவர அங்கன நிம்மதியாக் கெடக்க விடுங்க" என்றாள். வழக்கத்தை மீறப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் மனசுக்குள் வேறொரு பயம் இருந்ததால் அவளை நான் வற்புறுத்தவில்லை. அண்ணனை எனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து அதில் டிக்கெட் இல்லாமல் போனால், பணம் போவது இருக்கட்டும், சாகும்போதும் திருட்டு ரயில் ஏறியவன் என்று அவர் பெயர் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறிவிடும். பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு வளர வேண்டும். கல்லறை மூடியே இருப்பதுதான் நல்லது என்று எனக்கும் தோன்றியது.

மயினி சம்மதிக்கவில்லை என்று வக்கீல் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் காகிதக் கட்டை மூடி வைத்தார். பிறகு, "வச்சது நீதானே. வைக்கதுக்கு முன்ன உள்ள பாத்தியாடே?" என்று கேட்டார். பொய் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் குரலில் ஆசை இருந்தது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே, என்னோடு வந்திருந்த மூத்தவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். "பாத்தேன்யா. இருந்துச்சு" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

கோர்ட்டு நாளன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். மயினி பின்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தபோது அதன் அட்டை சில்லென்று இருந்தது. ரயில்வே தரப்பு வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர். முதலில் வழக்கத்தைப் பற்றி அன்பாகக் கேட்டார். நான் சொன்னேன். பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். "ஆக, செத்தவர் மடியைத் திறந்து பார்ப்பது உங்கள் தெருவில் பெரிய பாவம், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியானால் உள்ளே டிக்கெட் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். டிக்கெட் காணாமல் போனதற்கு எந்த வழக்கத்தைக் காரணம் சொன்னேனோ, அந்த வழக்கமே என்னைப் பொய்யன் என்றது. திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. "டப்பாவைத் திறந்தேன். உள்ளே டிக்கெட் இருந்தது" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. போலீஸ் கைக்குத் திறக்காதது உன் கைக்கு எப்படித் திறந்தது என்று ரயில்வே வக்கீல் கேட்டார். "எங்க அண்ணன் டப்பா அது. எந்தப் பக்கம் அழுத்தித் திருகணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். டப்பாவைப் பற்றி அன்று நான் சொன்னதில் இந்த ஒன்றுதான் முழு உண்மை.

அதுவும் போதாது என்று நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவர் சொல்வது பொய் என்றால் நிரூபிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கல்லறையைத் திறக்க நீங்கள் கேட்கிறீர்களா?" என்று ரயில்வே வக்கீலைக் கேட்டார். இந்த வழி அவர்களுக்கும் திறந்திருக்கிறது என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. அந்த இளைஞர் தன் காகிதங்களைப் பார்த்தார். பின்னால் நின்ற தோணிக்காரர்களைப் பார்த்தார். மயினியைப் பார்த்தேன். முன்வரிசைப் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டிருந்தாள், உதட்டில் நிறமே இல்லை. அந்தச் சில நொடிகளை நான் எத்தனை ஆயிரம் தடவை திரும்ப வாழ்ந்திருப்பேன் என்று கணக்கில்லை. திறந்து பார்த்து டிக்கெட் இருந்துவிட்டால் வழக்கே போய்விடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கடைசியில், "அவசியமில்லை" என்றார். மயினி மெல்ல உட்கார்ந்தாள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தன் சொந்தத் தெருவே தன்னைத் தள்ளி வைக்கும் என்று தெரிந்தும் ஒருவன் கூட்டத்துக்கு நடுவில் அந்தத் தவற்றை ஒப்புக்கொள்கிறான் என்றால் அவன் பொய் சொல்ல வாய்ப்பில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். வக்கீல் ஐயா அதைத் தமிழில் சொல்லிக் காட்டிச் சந்தோஷப்பட்டார். தள்ளி வைப்பார்கள் என்பதில் நீதிபதி கொஞ்சமும் தப்பவில்லை. மறுநாள் நான் கடற்கரைக்குப் போனபோது எங்கள் தோணியிலேயே எனக்கு இடம் இல்லை. செத்தவன் மடியைப் பிரித்தவனைக் கடலுக்குள் கூட்டிப் போக யாருக்குத்தான் மனசு வரும்? உப்பளத்தில் மூட்டை எடை போடும் வேலைக்குப் போனேன். எனக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கண்கள் என் பக்கம் திரும்பும். மயினியின் கடைசிப் பையனுக்கே ஒருமுறை விஷக் காய்ச்சல் வந்து பிழைப்பானா என்று ஆனபோது, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று என்னைச் சாடையாக ஏதோ சொன்னாள். மயினி விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "ஏளா, அவர ஒரு சொல்லு சொன்னே, நாக்க அறுத்துருவேன்" என்றாள். தொப்பியைக் கண்டு நடுங்குகிற மயினிதான் இப்படிப் பேசினாள். நன்றி என்று நினைத்தேன்.

சத்தியத்தை மீறியதிலிருந்து நான் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகவில்லை. செய்த பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாமல் நன்மை வாங்குவது இன்னும் பெரிய பாவம், சொன்னாலோ பிள்ளைகளின் சோற்றைத் திருப்பிக் கொடு என்று சாமியார் சொல்லிவிட்டால் என்ன செய்வது? எல்லாரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் மயினியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். துக்கம் காக்கிறாள் என்று எண்ணினேன். துக்கத்துக்கும் நன்மைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை. ஐம்பது வருஷம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சாயங்கால ரயில் ஊருக்குள் வரும்போது ஊதும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அது கேட்டதும் நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். இன்றைக்கு யாராவது கடுதாசியோடு வந்து கல்லறையைத் திற என்பார்கள் என்று வாசலையே பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் ரயிலில் ஏறியதே இல்லை.

ஒரே ஒரு தடவை, மூத்தவள் கலியாணம் முடிந்த வாரம், மயினி தன் துணிப்பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "தம்பி, ஒண்ணு சொல்லணும். பயமா இருக்கு" என்றாள். உண்மையாகவே பார்த்தீர்களா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். உப்பளத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிச் சட்டையைக்கூட மாட்டாமல் வெளியே நடந்துவிட்டேன். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற காரியம் கோர்ட்டில் சொன்ன பொய் அல்ல, இதுதான்.

போன மாதம் மயினி இறந்துபோனாள். அடக்கம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு மூத்தவள் பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க சித்தப்பா, எனக்கு மனசு வரல" என்றாள். சேலைகளுக்கு அடியில், செபமாலைக்குப் பக்கத்தில் அண்ணனுடைய டப்பா இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம். தெருக்காரர்கள் சொன்னது போல அவரே கொண்டுவந்து வைத்துவிட்டாரோ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். பிறகுதான் பந்தலும், நான்கு பெண்கள் இழுத்ததும், நெஞ்சோடு சுருட்டிப் பிடித்த முந்தானையும் ஞாபகத்துக்கு வந்தன. அழுத்தித் திருகினேன். மூடி சுலபமாகத் திறந்தது. மரையில் எண்ணெய் தடவியிருந்தாள், ஒருமுறை அல்ல, பல வருஷமாக. உள்ளே தூளாகிப்போன புகையிலையும், ஒரு பச்சைத் துணி முடிச்சும் இருந்தன. அவள் போட்ட அதே இரண்டு முடிச்சு. அண்ணன் அவிழ்க்கவே இல்லை. விரலால் நெருடினால் அந்தக் காலத்து நெளிவு ஓரணாக்கள் தட்டுப்பட்டன. வேறு எதுவும் இல்லை. டிக்கெட் இல்லை.

கோபம்தான் வந்தது, மறைப்பானேன். என் கடல், என் கலியாணம், என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவள் செய்த காரியத்துக்காகப் போயிருக்கின்றன. டப்பாவைத் திறந்தவள் அவள், திறந்தேன் என்று ஊருக்கு நடுவில் ஒப்புக்கொண்டவன் நான். இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு இருந்தேன். மூன்றாம் நாள் கோர்ட்டில் அவள் உதடு வெளுத்துப் பாதி எழுந்து நின்றது கண்முன் வந்தது. கல்லறையைத் திறந்தால் உள்ளே டப்பாவே இருக்காது என்பது அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் சொல்வது பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கே வராதேயும் என்று தன் வாயால் சொன்னது, அந்த முடிச்சு அவிழாமலே வந்தது, எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டு எத்தனை பயந்திருப்பாள்! வேறு காசில் டிக்கெட் எடுத்திருப்பார், அது தண்ணீரோடு போயிருக்கும் என்று அவளும் ஐம்பது வருஷம் நம்பப் பார்த்திருப்பாள். நானும் இப்போது நம்பப் பார்க்கிறேன். சட்டத்துக்கு அந்த அட்டைத் துண்டு வேண்டும். அவர் அந்த வண்டியில்தான் வந்தார், அந்தத் தண்ணீரில்தான் செத்தார், அதற்கு முன்னால் அட்டைத் துண்டு என்ன பெரிது என்று நான் ஒரு நீதிபதியைப் போல எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிப் பார்க்கிறேன். பயம் அந்தத் தீர்ப்பைக் கேட்பதாக இல்லை.

நேற்று பஸ்ஸில், அண்ணன் அன்று வண்டி ஏறிய திருநெல்வேலிக்குப் போனேன். ஸ்டேஷனில் வரிசையில் நின்று, "தூத்துக்குடிக்கு ரெண்டு" என்றேன். சாயங்கால வண்டி. ஜன்னல் ஓரத்தில் டப்பாவை வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எதிரில் இருந்த பெண், "தண்ணி வேணுமா தாத்தா?" என்று கேட்டாள். எந்தப் பாலம் என்று இப்போது யாருக்கும் தெரியாது, எல்லாம் புதிதாகக் கட்டியாகிவிட்டது. ஒரு இடத்தில் சக்கரத்தின் சத்தம் மாறியது. டப்பாவின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். சத்தம் பழையபடி ஆனபோது பக்கத்தில் டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார், சின்ன வயசு. "ரெண்டு டிக்கெட் இருக்கு, இன்னொருத்தர் எங்கய்யா?" என்றார். "கூடத்தான் வாராரு" என்றேன். கழிப்பறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டிலும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து ஒரு டிக்கெட்டை மடித்து, பச்சை முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திருகினேன். முடிச்சை நானும் அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் போக வேண்டும். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால ரயில் ஊதியது. பழக்கதோஷம், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு, யாரும் கேட்காமலே, டப்பாவைத் திறந்தேன். உள்ளே டிக்கெட் இருந்தது.